நான்கு இழுப்பறைகளும் ஒரு கூடையும்

பென்சில்களின் பாதுகாப்பைப் பற்றி எழுதப்படும் அறிக்கைகளில் மேசை வரும். இழுப்பறைகள் வரும். முத்திரைகள் பக்கத்துக்குப் பக்கம் வரும். குப்பைக்கூடை வருவதில்லை. அவள் இருப்பது மேசைக்குக் கீழே. அறிக்கைகள் எழுதப்படுவது மேசைக்கு மேலே. ஆகவே இந்தக் கதை அவளிடமிருந்து தொடங்குகிறது.

ஒரு காலத்தில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் ஒரு பெரிய மேசை இருந்தது. அதற்கு நான்கு இழுப்பறைகள். நெடுங்காலம் எல்லாவற்றையும் மேசையே ஆண்டது. எந்தப் பென்சில் எங்கே படுக்க வேண்டும், அதை யார் சீவ வேண்டும், யார் தொடவே கூடாது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்தது. பிறகு இழுப்பறைகள், தங்களுக்கும் பூட்டு உண்டு, தங்களுக்கும் அறிவு உண்டு என்று வாதாடின. வாதம் நியாயமானது. மேசை அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தது. முத்திரைகளுக்கு மை ஒற்றும் ஸ்டாம்ப் பேடை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

தன்னாட்சி கிடைத்த மகிழ்ச்சியில் ஒவ்வோர் இழுப்பறையும் தன் பென்சில்களுக்குத் தனி நிறம் பூசியது. முதலாவது சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம், நான்காவது மஞ்சள். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முத்திரையை அமர்த்தியது. ஒவ்வொரு முத்திரையும், பென்சில்களோடு பழகத் தகாதவர் யார் யார் என்று ஒரு தடைப்பட்டியல் எழுதிவைத்தார். நான்கு பட்டியல்களும் அழகான கையெழுத்தில் இருந்தன. ஒருவர் பட்டியலை மற்றவர் பார்த்ததில்லை.

குப்பை மட்டும் பழைய முறைப்படியே நடந்தது. அதன் மீது அதிகாரம் வேண்டும் என்று எந்த இழுப்பறையும் வாதாடவில்லை. நான்கு இழுப்பறைகளின் சீவல்களும் மதியவேளையில் ஒரே கூடையில் விழுந்தன.

கூடை பிரம்பால் ஆனவள். மேலிருந்து விழுவதை வாங்கிக்கொள்வதே அவள் வேலை. வாங்கிக்கொள்பவர்களுக்குப் பார்வை கூர்மையாகிவிடும். நல்ல சீவல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்: மெல்லியதாக, ஊதினால் பறப்பதாக, இரண்டு சுற்றுக்கு மேல் போகாததாக. ஒருநாள் முதல் இழுப்பறையிலிருந்து வந்த சிவப்புச் சீவல்கள் அப்படி இல்லை. தடித்தும் நீண்டும் இருந்தன. நடுநடுவே உடைந்த முனைகள் கிடந்தன. ஒவ்வொரு சீவலின் ஓரத்திலும் கீறியதுபோல ஒரு கோடு ஓடியது.

அந்தச் சீவல்கள் ஒரு ஷார்ப்னரின் கைவரிசை. உலோக உடல், மெதுவான பேச்சு, எவரைக் கண்டாலும் ஒரு வணக்கம். சீவுவது அவன் வேலை. தேவைக்கு மேல் சீவுவது அவன் விருப்பம். மூடிய இழுப்பறைக்குள் ஒரு பென்சில் தனியாக அகப்பட்டால், முனை வந்த பிறகும் அவன் நிறுத்தமாட்டான். வெளியே வரும் பென்சில் குட்டையாகவும் பேச்சற்றும் இருக்கும். பெரியவர்கள் முனையைப் பார்த்து மெச்சினார்கள். நீளத்தை எவரும் அளக்கவில்லை.

முதல் இழுப்பறையில் இரண்டு சிவப்புப் பென்சில்கள் அழுத பிறகு விசாரணை தொடங்கியது. அது முடிவதற்குள் ஷார்ப்னர் பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டான். முதல் முத்திரை நிம்மதியாக மூச்சுவிட்டார். அவருடைய விதியின்படி, தடை பணியில் இருப்பவருக்குத்தான், விலகியவருக்கு இல்லை. தொல்லை ஒழிந்தால் போதும் என்று ஒரு சான்றிதழும் எழுதிக்கொடுத்தார்: ‘இவர் பணிபுரிந்த காலத்தில் முனைகள் கூராக இருந்தன.’ அதில் பொய் என்று ஒரு சொல்கூட இல்லை.

இரண்டாம் இழுப்பறையில் வேறொரு விதி. மாதத்தில் மூன்று நாள்களுக்கு மேல் பென்சில்களைத் தொடுபவர் மட்டுமே அங்கே ‘பென்சில்களோடு பணிபுரிபவர்’. அவரை மட்டுமே சோதிப்பார்கள். ஷார்ப்னர் விதியைக் கவனமாகப் படித்தான். மாதத்தில் மூன்றே நாள் வந்தான். பசைப்புட்டி நேரில் பார்த்துப் புகார் சொன்ன பிறகுதான் இரண்டாம் முத்திரை அவனைத் தடைப்பட்டியலில் சேர்த்தார். அந்தத் தடை இரண்டாம் இழுப்பறையின் பலகைகளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

மூன்றாம் இழுப்பறையின் படிவம் அவனிடம் ஒரே கேள்வி கேட்டது: ‘இந்த இழுப்பறையில் நீங்கள் தடைசெய்யப்பட்டதுண்டா?’ ‘இல்லை’ என்று எழுதினான். அவன் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லவேண்டிய கேள்வியை அவனிடம் எவரும் கேட்டதில்லை. நீலத்தில் சிலர் முணுமுணுக்கத் தொடங்கியதும், அங்கிருந்தும் ஒரு சான்றிதழோடு கிளம்பினான்.

சிவப்பு, பச்சை, நீலம். மூன்று நிறத்திலும் அதே தடிப்பு, அதே கோடு. மூன்று இழுப்பறைகளுக்கும் தெரியாதது கூடையின் மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தது. காலி செய்ய வந்தபோதும் அந்தச் சீவல்களை மட்டும் அவள் விடாமல் பிடித்து வைத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் சீவல்களோடு சேர்ந்து ஒரு துண்டும் விழுந்தது. சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. பச்சைப் பூச்சு. முனை உள்ளுக்குள் உடைந்திருந்தது.

“யாரு கண்ணு நீ? தவறி விழுந்துட்டியா?” என்று கேட்டாள் கூடை.

“இல்லக்கா. ஒரு வருஷமா மூலையில கெடந்தேன். இன்னைக்குப் போட்டுட்டாங்க. பிடிக்கக் கைக்கு நிக்கலையாம்.”

“உன்னை இப்படிப் பண்ணது யாரு?”

பச்சை சீவல்களுக்குள் ஒதுங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “அவர் ரொம்ப நல்லா சீவுவார்னு எல்லாரும் சொன்னாங்கக்கா. நான்தான் கோணலா நின்னுட்டேன்போல.”

“நீ நேராத்தான் நின்னே,” என்றாள் கூடை.

அன்று நான்காம் இழுப்பறையில் ஒரே கலகலப்பு. பன்னிரண்டு மஞ்சள் பென்சில்கள் புதிதாக வந்திருந்தன. ஒன்றுக்கும் இன்னும் முனை சீவப்படவில்லை. திங்கட்கிழமை ஓவிய வகுப்பு. சீவ ஆள் கிடைத்துவிட்டார், அனுபவசாலி, இரண்டு சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று மேலே பேசிக்கொண்டது கீழே கேட்டது. ‘வணக்கம்’ என்ற அந்த மெதுவான குரலும் கேட்டது.

கூடை நிமிர்ந்து கூப்பிட்டாள். “முத்திரை சார்! கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

நான்காம் முத்திரை இழுப்பறையின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார். “குப்பை போட்டாச்சேம்மா. இன்னும் என்ன?”

“குப்பைக்கு வரல சார். குப்பையைப் பத்திச் சொல்ல வந்தேன். அந்த ஷார்ப்னரை வேலைக்கு வைக்காதீங்க.”

“உனக்கும் அவருக்கும் என்ன தகராறு?”

“ஒரு தகராறும் இல்ல. மூணு இழுப்பறையிலும் அவன் பண்ணது என் மடியில கெடக்கு. இதோ பாருங்க, ஒரு குழந்தையும் கெடக்கு.”

முத்திரை கெட்டவர் அல்லர். அவருக்கு நெஞ்சும் இருந்தது; நெஞ்சைவிடப் பெரிய படிவக்கட்டும் இருந்தது. “நீ எந்த இழுப்பறையைச் சேர்ந்தவள்?” என்று கேட்டார்.

“எதையும் சேர்ந்தவ இல்ல. எல்லாருக்கும் பொது.”

“அப்போ உன் புகாரை வாங்க வழியில்லையே. இங்கே வேலைக்கு வைத்தவர்தான் ஒருவரைத் தடைக்குப் பரிந்துரைக்கலாம். நீ யாரை வேலைக்கு வைத்தாய்?”

“என்னையே யாரும் முறையா வைக்கல சார். நான் எங்கேருந்து ஆள் வைக்க?”

“சரி, பாதிக்கப்பட்ட பென்சில் எழுத்துமூலம் தரலாம்.”

“முனையே இல்லாத புள்ளைகிட்ட எழுத்துமூலம் கேக்குறீங்களா?”

முத்திரை கொஞ்சம் நெளிந்தார். “விதி அப்படித்தானே இருக்கு. எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? பன்னிரண்டு குழந்தைகள் முனையில்லாமல் உட்கார்ந்திருக்கு. வந்தவர் சான்றிதழோடு வந்திருக்கிறார்.”

“ரெண்டு வருஷத்துல மூணு இடம் மாறியிருக்காரு. அதை ஒருத்தரும் கேக்கலையா? ரெண்டாம் இழுப்பறையில ஒரு வார்த்தை விசாரிங்க சார். பக்கத்துலதானே இருக்கு, தட்டினா கேக்கும்.”

“தட்டக் கூடாது. அது அவர்கள் தன்னாட்சியில் தலையிடுவது ஆகும். விசாரிக்கப் படிவம் எட்டு வேண்டும். படிவம் எட்டை அச்சடிக்க அவர்கள் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலைப் படிவம் எட்டில்தான் கேட்க வேண்டும்.”

கூடை அவரையே பார்த்தாள். “இதைச் சொல்றப்போ உங்களுக்கே சிரிப்பு வரலையா சார்?”

முத்திரைக்குச் சிரிப்பு வரவில்லை.

“அப்ப என்னை உள்ளே விடுங்க. இந்தப் புள்ளையையும் சீவலையும் அந்த மஞ்சள் பசங்க முன்னாடி வைக்கிறேன். நீங்களும் உங்க கண்ணால பாருங்க.”

“அதுதான் முடியவே முடியாது,” என்றார் முத்திரை. இப்போது அவர் குரலில் உறுதி வந்துவிட்டது. விதி தெளிவாக இருக்கும் இடத்தில் அவருக்கு எப்போதும் உறுதி வரும். “நீ சோதிக்கப்படாதவள். சோதிக்கப்படாதவரைப் பென்சில்களின் பக்கத்தில் விடமாட்டோம். வேண்டுமானால் விண்ணப்பம் போடு. முகவரி என்ன?”

“மேசைக்குக் கீழ.”

“மேசைக்குக் கீழே என்பது எந்த இழுப்பறையின் எல்லையிலும் வராதே. முகவரி இல்லாமல் எப்படிச் சோதிப்பது?”

இழுப்பறை மூடிக்கொண்டது.

ஞாயிறு காலையில் ஷார்ப்னர் மேசையின் காலோரமாக இறங்கி வந்தான். கூடையின் முன்னால் நின்று வணங்கினான்.

“அக்கா, என்னைப் பத்தி ஏதோ பேசினீங்களாம். மனசுல வெச்சுக்கமாட்டேன். நான் போடுற சீவலைத்தான் நீங்க சுமக்குறீங்க. ஒரே தொழில் நமக்கு.”

“உன் தொழிலையும் என் தொழிலையும் ஒண்ணாக் கட்டாதே.”

“சரிக்கா. ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. எங்கிட்ட ரெண்டு காகிதம் இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு? கூடை சொன்னதை எந்தக் காகிதத்துல எழுதுவாங்க?”

“எந்தக் காகிதமா இருந்தாலும் கடைசியில எங்கிட்டதான் தம்பி வரும்,” என்றாள் கூடை. “உன்னோட ரெண்டும் வரும். பார்த்துட்டே இரு.”

அவன் சிரித்துக்கொண்டே போனான். போகும்போது குனிந்து கூடைக்குள் பார்த்தான். பச்சை சீவல்களுக்கு அடியில் புதைந்துகொண்டாள். அந்த அசைவைக் கூடை உணர்ந்தாள். செய்யவேண்டியதை அப்போதே முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. ஸ்டாம்ப் பேடு மேசையிடம் இருந்ததால், நான்கு முத்திரைகளும் வாரத்தில் ஒருமுறை, அந்த நேரத்தில், மை ஒற்றிக்கொள்ள மேலே வந்தாக வேண்டும். வந்தார்கள். ஒருவரையொருவர் நலம் விசாரித்தார்கள். அவரவர் இழுப்பறையின் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். பணியைப் பற்றிப் பேசவில்லை, அது நாகரிகமன்று. மேசையின் ஓரத்தில் ஷார்ப்னரின் நியமன ஆணை விரித்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் அவன் நின்றான். ஆணைக்கு முன்பே பழகட்டும் என்று, பன்னிரண்டு மஞ்சள்களில் ஆகச் சிறியவளை அவனருகே நிறுத்தியிருந்தார்கள்.

“வா பாப்பா,” என்றான் ஷார்ப்னர். “வலிக்காது.”

நான்காம் முத்திரை மையில் ஒற்றிக்கொண்டு ஆணையின் மீது குனிந்தார்.

கீழே கூடை சாய்ந்தாள். தன் கனத்தாலேயே உருண்டாள். மேசையின் நிழலைத் தாண்டி, எல்லோரும் பார்க்கக்கூடிய வெற்றுத்தரையின் நடுவே போய், தன்னைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டாள்.

ஓசை பெரிதாக இல்லை. நிறம்தான் பெரிதாக இருந்தது.

“என்ன அசிங்கம் இது!” என்றார் முதல் முத்திரை. அடுத்த நொடி, “அந்தச் சிவப்பு எங்களுடையது அல்லவா?” என்றார்.

“பச்சை எங்களுடையது,” என்றார் இரண்டாமவர்.

“நீலமும் கிடக்கிறதே. எங்கள் நீலம் ஏன் இத்தனை தடியாக இருக்கிறது?” என்றார் மூன்றாமவர்.

மூவரும் விளிம்பில் நின்று ஒரே தரையைப் பார்த்தார்கள். தன்னாட்சி வந்த பிறகு அவர்கள் ஒன்றாகப் பார்த்த முதல் பொருள் அதுதான்.

மேசை வெகுநாளாக வாய் திறந்ததில்லை. இப்போது திறந்தது. “நிறம் வேறு வேறாக இருக்கிறது. ஓரத்தில் ஓடும் கோடு மட்டும் ஒன்றாக இருக்கிறது. ஷார்ப்னர், உன் பிளேடைக் காட்டு.”

“எந்தப் பிளேடானாலும் கோடு விழும் ஐயா,” என்றான் அவன்.

“விழட்டும். காட்டு.”

அவன் மெல்லத் திரும்பினான். பிளேடின் மூலையில் அரிசிமுனை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

“சில்லு போவது குற்றமா? இது பழி. என்னிடம் சான்றிதழ் இருக்கிறது,” என்றான்.

“சரியான கேள்வி,” என்றது மேசை. “சில்லு குற்றமன்று. ஆகையால் சில்லைக் கொண்டு தீர்ப்பு சொல்லப்போவதில்லை. அதோ, சீவல்களின் நடுவே ஒரு பச்சைத் துண்டு கிடக்கிறது. அவளை யாராவது கேட்டீர்களா?”

“எழுத்துமூலம் எதுவும் வரவில்லை,” என்றார் இரண்டாம் முத்திரை.

“நான் எழுதச் சொல்லவில்லை. கேட்டீர்களா என்றேன்.”

மேசையே கேட்டது. “குழந்தாய், உன்னைச் சீவியது யார்?”

பச்சை கூடையைப் பார்த்தாள். கூடை கவிழ்ந்தபடியே, “பயப்படாதே கண்ணு, சொல்லு,” என்றாள்.

“அவர்தான்,” என்றாள் பச்சை. “போதும்னு சொன்னேன். மூணு தடவை சொன்னேன்.”

இரண்டாம் முத்திரை தலையைக் கவிழ்த்துக்கொண்டார். “எங்கள் பட்டியலில் இவன் பெயர் இருக்கிறது,” என்றார் தாழ்ந்த குரலில். “சென்ற வருடமே எழுதிவிட்டோம்.”

“எனக்கு ஏன் சொல்லவில்லை?” என்றார் மூன்றாமவர்.

“நீங்கள் கேட்கவில்லையே.”

நான்காம் முத்திரையின் அடியில் மை ஈரமாக இருந்தது. ஆணையின் மீது ஒரு சொட்டு விழுந்திருந்தது. அவர் பின்வாங்கினார். சின்ன மஞ்சள் ஷார்ப்னரின் பக்கத்திலிருந்து விலகி, ஓடிப்போய் மற்ற பதினொருவரோடு சேர்ந்துகொண்டாள். அவளுடைய நீளம் குறையவில்லை.

அன்றே ஷார்ப்னரை வெளியேற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் பொதுத் தடைப்பட்டியல் தயாரானது. ஓர் இழுப்பறையில் விழும் தடை இனி நான்கிலும் செல்லுபடியாகும். விசாரணை நடக்கும்போது விலகினாலும் விசாரணை தொடரும். மூன்று நாள் கணக்கு நீக்கப்பட்டது. பென்சில்கள் வாயால் சொன்னாலும் புகார்தான் என்று ஒரு வரி சேர்க்கப்பட்டது. எல்லாம் நல்ல மாற்றங்கள். ஒருவரின் தன்னாட்சியும் குறைந்துவிடவில்லை; சிவப்பு சிவப்பாகவும் மஞ்சள் மஞ்சளாகவும்தான் இருந்தன.

வெளியீட்டு விழாவில் நான்கு முத்திரைகளும் பேசினார்கள். இழுப்பறைகளின் இடையறாத விழிப்பினால் பேராபத்து தவிர்க்கப்பட்டது என்று அறிக்கை கூறியது. பட்டியலின் முதல் பெயர் ஷார்ப்னர்.

விழாவுக்கு முன் பட்டியலைச் சரிபார்த்தபோது நான்காம் முத்திரை ஒரு குறிப்பு எழுப்பினார். அந்தத் திங்கட்கிழமை காலை சோதிக்கப்படாத ஒருவர் பென்சில்கள் இருந்த இடத்தை நெருங்கியிருக்கிறார். அதற்கு முன் இரண்டு நாள், அனுமதி இல்லாமல், ஒரு பென்சிலைத் தன்னிடம் வைத்திருந்திருக்கிறார். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஆளுக்கொரு விதி என்று வைத்தால் புதிய பட்டியலுக்கு என்ன மதிப்பு? மற்ற மூவரும் யோசித்துப் பார்த்தார்கள். குறிப்பில் பிழை காண முடியவில்லை. நால்வரும் ஒருமனதாக ஒத்துக்கொண்ட முதல் முடிவு அது.

பட்டியலின் இரண்டாம் பெயர் கூடை.

பச்சையை ஓர் உலோகப் பிடிக்குள் பொருத்தி, மேசைமேல் வைத்தார்கள். இப்போது அவளால் வரைய முடிகிறது. கூடை அக்கா எங்கே என்று சில நாள் கேட்டாள். தடைசெய்யப்பட்டவரைச் சந்திக்க இயலாது என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினார்கள்.

மேசைக்குக் கீழே இப்போது ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கிறது. பிரம்புக்கூடை தடையை நீக்கக் கோரி ஒரு மேல்முறையீடு அனுப்பினாள். முகவரி சரியில்லை என்று அது அந்தப் பிளாஸ்டிக் கூடையில் போடப்பட்டது. அவள் பின்வாசலில் பழைய செய்தித்தாள்களைச் சுமந்துகொண்டிருக்கிறாள். நான்கு இழுப்பறைகளிலும் அவள்மேல் உள்ள தடை இன்றும் நீடிக்கிறது.